களவு போன பிரதி

தன்னைக் கிழிக்கச் சொல்லித் தானே கேட்ட புத்தகம் அது. 1938 ஜூன் இதழ் என்று அட்டையில் போட்டு, ஏப்ரல் 18ஆம் தேதியே அமெரிக்கப் பத்திரிகைக் கடைகளுக்கு வந்துவிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் உள்ளே சக் டாஸன் என்கிற கௌபாயின் கதை ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கத்துக்குக் கிரயானால் வண்ணம் தீட்டி, கிழித்து, தபாலில் அனுப்பச் சொல்லி ஒரு போட்டி. மொத்தப் பரிசுத் தொகை 25 டாலர். கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனை பேரோ! சில லட்சம் டாலருக்குத் தபால்தலை ஒட்டி அனுப்பிய புண்ணியவான்கள் அவர்கள்.

அந்த இதழின் ஒரு பிரதி 2026 ஜனவரியில் 1 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கைமாறியது. நம் பணத்தில் ஏறக்குறைய 135 கோடி ரூபாய். கடையில் அதற்குப் போட்டிருந்த விலை 10 சென்ட். வாங்கியவர் யார், விற்றவர் யார் என்று சொல்லப்படவில்லை. நடுவில் நின்று முடித்துக் கொடுத்த நியூயார்க்கின் மெட்ரோபொலிஸ் கலெக்டிபிள்ஸ் நிறுவனம் தொகையை மட்டும் அறிவித்தது. பழைய புத்தகம் என்பதால் இந்த விலையா, அரிது என்பதால் இந்த விலையா, சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய இதழ் என்பதால் இந்த விலையா என்று கேட்டால், மூன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டலாம். ஆனால் இவை மூன்றும் மற்ற பிரதிகளுக்கும் பொருந்தும். இந்தப் பிரதிக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்பதற்கு அது போய் வந்த வழியைத்தான் பார்க்க வேண்டும். அந்த வழியில் ஒரு திருட்டு இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு காசோலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். க்ளீவ்லாண்டில் ஒரே பள்ளியில் படித்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவருக்கும் 1938 தொடக்கத்தில் வயது 23. ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். சூப்பர்மேனை நாளிதழ்களில் தினப் படக்கதையாக வரவைக்கப் பல வருஷம் அலைந்தார்கள். சிண்டிகேட் நிறுவனங்கள் ஒன்று பாக்கியில்லாமல் திருப்பி அனுப்பின. கடைசியில் புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு மாத இதழுக்குப் பக்கம் நிரப்பச் சரக்கு தேவைப்பட்டது. நாளிதழ் அளவுக்கு வரைந்து வைத்திருந்த பட்டைகளை வெட்டி, புத்தகப் பக்க அளவுக்கு ஒட்டி, 13 பக்கம் ஆக்கிக் கொடுத்தார்கள். பக்கத்துக்கு 10 டாலர். அந்த 130 டாலரோடு கதாபாத்திரத்தின் உரிமையும் பதிப்பாளர் கைக்குப் போய்விட்டது. வேறு வேலைகளுக்கான பாக்கியும் சேர்ந்து 412 டாலருக்கு மார்ச் 1 தேதியிட்ட காசோலை வந்தது. அதில் இருவர் பெயரும் எழுத்துப் பிழையோடு இருந்தன.

முதல் இதழின் அட்டையில் சூப்பர்மேன் ஒரு பச்சைக் காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகிறான். இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு ஆள் தலையைப் பிடித்துக்கொண்டு அலறி ஓடுகிறான். பதிப்பாளர் ஹாரி டோனன்ஃபெல்டுக்கு இந்த அட்டை பிடிக்கவில்லை, யார் நம்புவார்கள் இதை என்று கேட்டார் என்பார்கள். அடுத்த சில இதழ்களின் அட்டையில் சூப்பர்மேனே இல்லை. கடைகளில் பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஏழாம் இதழின் அட்டைக்கு அவன் திரும்பி வந்தான். முதல் இதழை வாங்கியவர்கள் எல்லோரும் சூப்பர்மேனுக்காக வாங்கியவர்கள் அல்ல. ஸடாரா என்கிற மந்திரவாதி, மார்க்கோ போலோ, துப்பறியும் நிருபர் என்று அதற்குள் ஒரு கதம்பமே இருந்தது.

அச்சானது சுமார் 2 லட்சம் பிரதிகள். இன்று மிஞ்சியிருப்பவை நூறு அளவில் என்பது சேகரிப்பாளர்களின் கணக்கு.

மற்றவை எங்கே போயின? அன்றைய காமிக்ஸ் மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானது. மரக்கூழில் இருக்கிற அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே அரிக்கும். முதலில் ஓரம் மஞ்சளாகும், பிறகு பழுப்பு, பிறகு தொட்டால் பொடியும். ஆனால் அந்த வயதுவரை வாழவே பெரும்பாலான பிரதிகளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஒரு பையன் படித்து இன்னொருவனிடம் மாற்றிக்கொண்டு, அவன் மூன்றாமவனிடம் கொடுத்து, அட்டை கழன்று, நடுப்பக்கம் தொலைந்து, அதோடு முடிந்தது அதன் ஆயுள். அமெரிக்கா உலகப் போரில் இறங்கியதும் பழைய காகிதம் சேகரிக்கும் இயக்கம் வந்தது. பிள்ளைகளே தெருத்தெருவாகப் போய்க் கட்டுக்கட்டாகத் தூக்கிக் கொடுத்தார்கள், காமிக்ஸும் அதில் போயிற்று. போர் முடிந்து வந்தது வேறொரு வேகம். 1948இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்ஸர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளே காமிக்ஸைக் குவித்துத் தீ வைத்தார்கள். வேறு ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. 1954இல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தம் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார், செனட் குழு விசாரித்தது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியைப் போட்டுக்கொண்டார்கள். எந்தத் தாய்க்குத்தான் அதற்குப் பிறகும் பரணில் ஒரு கட்டு காமிக்ஸை வைத்திருக்க மனம் வரும்? அம்மா தூக்கிப் போட்டுவிட்டார் என்பது அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் சொல்லும் கதை. இன்றைய விலையை உண்டாக்கியவர்கள் என்று யாருக்காவது நன்றி சொல்வதென்றால் அந்த அம்மாக்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அரிது என்பது மட்டும் விலை ஆகாது. ‘நியூ ஃபன்’ என்ற இதழ் 1935இல் வந்தது. பின்னாளில் டிசி ஆன நிறுவனத்தின் முதல் வெளியீடே அதுதான். ஆக்‌ஷன் முதல் இதழைவிட மூன்று வருஷம் மூத்தது, மிஞ்சியிருக்கும் பிரதிகளும் அதைவிட மிகக் குறைவு. விலையோ அதன் கால் தூசிக்கு வராது. 1939இல் திரையரங்குகளில் கொடுப்பதற்காகத் தயாரான ‘மோஷன் பிக்சர் ஃபன்னீஸ் வீக்லி’யின் பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் இதே நிலைதான். அவற்றில் வருபவர்களை இன்று தெருவில் யாருக்கும் தெரியாது, அல்லது சூப்பர்மேன் அளவுக்குத் தெரியாது. கதாபாத்திரம் சாகாமல் இருந்தால்தான் அது பிறந்த காகிதத்துக்கு மதிப்பு. திரைப்படம், தொலைக்காட்சி, பனியன், பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் என்று 85 வருஷத்துக்கும் மேலாக அவனை உயிரோடு வைத்திருப்பதற்குச் செலவழித்தவர்கள் வேறு. அந்தச் செலவின் வட்டி இந்த நூறு பிரதிகளை வைத்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

அதே சூப்பர்மேன் 1992 நவம்பரில் ‘செத்தபோது’ நடந்ததையும் சொல்ல வேண்டும். சூப்பர்மேன் 75ஆம் இதழ் கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் வந்தது. கடை வாசலில் வரிசை நின்றது. இதைப் பிரிக்காமல் வைத்தால் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு ஆகும் என்று நம்பி ஆளுக்கு நாலைந்து வாங்கினார்கள். பல லட்சம் பேர் ஒரே யோசனையில் ஒரே புத்தகத்தைப் பத்திரப்படுத்தினால் அது எங்கிருந்து அரிதாகும்? இன்றும் பிரிக்காத பிரதிகள் சில்லறை விலைக்குக் கிடைக்கின்றன. 1938இல் யாருக்கும் அந்த யோசனை இல்லாமல் போனதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய காமிக்ஸுக்கு ஒரு சந்தை உண்டானது அறுபதுகளில், அதைப் படித்து வளர்ந்த பையன்கள் சம்பளக்காரர்களான பிறகு. 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். அதுவரை ஒருவர் 50 டாலர் சொல்வார், இன்னொருவர் 200 சொல்வார். கையேடு வந்ததும் எல்லோருக்கும் பொதுவான ஒரு தொடக்கப் புள்ளி கிடைத்தது. 1977இல் கொலராடோவில் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியரின் வீட்டிலிருந்து வந்த குவியலை சக் ரோஸான்ஸ்கி என்ற இளம் வியாபாரி வாங்கினார். ஆயிரக்கணக்கான காமிக்ஸ், முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்து அடுக்கியது அடுக்கியபடி, கடையில் வாங்கிய அன்று எப்படியோ அப்படி. வறண்ட குளிர் காற்று, இருட்டறை, மேலே கனம் ஏறி ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டிருந்த அடுக்கு. காகிதம் மூப்படைய மறந்துவிட்டது. நாற்பது வருஷத்துப் பழைய புத்தகம் இப்படியும் இருக்க முடியும் என்று பார்த்த பிறகு, அழுக்குப் பிரதிக்கும் அப்பழுக்கில்லாத பிரதிக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம் வாய் பிளந்துகொண்டது. சர்ச் சேகரிப்பிலிருந்த ஆக்‌ஷன் முதல் இதழ்தான் உலகத்திலேயே ஆகச் சிறந்தது என்று சேகரிப்பாளர் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது இதுவரை ஏலத்துக்கே வரவில்லை, பேச்சுக்கு வயதானதுதான் மிச்சம்.

1991 டிசம்பரில் சதபீஸ் நிறுவனம் காமிக்ஸுக்கென்று முதல் ஏலத்தை நடத்தியது. ஓவியங்களும் வைர மாலைகளும் விலை போன மேடைக்கு 10 சென்ட் புத்தகங்கள் ஏறின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் நம் பிரதி நடிகர் நிக்கலஸ் கேஜின் வீட்டுக்குப் போகிறது. விலை 1,50,000 டாலர். ஒரு காமிக்ஸுக்கு அன்றைக்கு அது மலைக்க வைத்த தொகை. கேஜ் வெறும் பணக்காரச் சேகரிப்பாளர் அல்ல. நிக்கலஸ் கொப்போலா என்று பிறந்தவர், மார்வெல் காமிக்ஸின் லூக் கேஜ் பெயரிலிருந்துதான் தன் பெயரை எடுத்துக்கொண்டார். டிம் பர்ட்டன் எடுக்கவிருந்த சூப்பர்மேன் படத்தில் அவர்தான் நாயகன், உடை போட்டுப் பார்க்கும் அளவுக்குப் போய் 1998இல் அது நின்றுபோனது. பின்னாளில் பிறந்த மகனுக்கு கால்-எல் என்று, சூப்பர்மேனின் பிறவிப் பெயரையே வைத்தார்.

2000 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் அவர் வீட்டில் ஒரு விருந்து. விருந்து முடிந்து பார்த்தால் சட்டத்துக்குள் இருந்த புத்தகங்கள் இல்லை. ஆக்‌ஷன் முதல் இதழோடு, பேட்மேன் முதன்முதலாகத் தோன்றிய டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழும் போய்விட்டது. காப்பீட்டுத் தொகை வந்தது. 2002இல் தன் சேகரிப்பில் பெரும்பகுதியை கேஜ் ஏலத்தில் விட்டார். ஆக்‌ஷன் முதல் இதழ் மட்டும் எங்கும் தலைகாட்டவில்லை. தலைகாட்ட முடியாது. உலகத்தில் நூறே இருக்கும் ஒரு பொருளைத் திருடியவனுக்கு வரும் சங்கடம் அது: வாங்கக்கூடிய அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஒவ்வொரு பிரதியின் மடிப்பும் கறையும் அவர்களுக்கு மனப்பாடம். திருடியவனால் படிக்கத்தான் முடியும்.

புத்தகம் தலைமறைவாக இருந்த அந்தப் பதினோரு வருஷத்தில் வெளியே சந்தையே வேறாகிவிட்டது. திருட்டு நடந்த அதே 2000இல்தான் சிஜிசி என்கிற தரச்சான்று நிறுவனம் காமிக்ஸுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. அதுவரை விற்கிறவர் ‘நல்ல நிலை’ என்பார், வாங்கியவர் பிரித்துப் பார்த்துச் சண்டைக்கு வருவார். இனி மூன்றாவது ஆள் ஒருவர் பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, புத்தகத்தைத் தடித்த தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடிவிடுவார். வியாபாரிகள் அதை ‘ஸ்லாப்’ என்கிறார்கள். பெட்டியை உடைத்தால் எண் செல்லாது.

அந்த எண் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். முதலில் பக்கங்களை எண்ணுவார்கள். நடுப்பக்கம் இருக்கிறதா, போட்டிக்காக வெட்டிய பக்கம் உண்டா என்று பார்ப்பார்கள். ஸ்டேப்ளர் கம்பி அன்றைக்கு அடித்ததுதானா, மாற்றியதா, துரு காகிதத்தில் இறங்கியிருக்கிறதா என்பது அடுத்தது. முதுகில் கம்பி இருக்குமிடத்தில் அட்டை விரிந்து விரிந்து மயிரிழை அளவு வெள்ளைக் கோடுகள் விழுந்திருக்கும். ஒருமுறை திறந்து படித்ததற்கு ஒரு கோடு என்றே வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறையும். ஓரங்களை யாராவது சீராக்குவதற்காக நறுக்கியிருந்தால் அளவில் தெரிந்துவிடும். மங்கிய இடத்தில் பேனாவால் நிறம் தொட்டிருந்தால் விளக்கு வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். கடைசியாகப் பக்கத்தின் நிறம்: வெள்ளை, வெள்ளையை ஒட்டியது, பாலாடை நிறம், பழுப்பு. 9.0 என்றால் கடையில் தொங்கியதற்கும் இதற்கும் சின்னச் சின்ன வித்தியாசம்தான் என்று பொருள். ஆக்‌ஷன் முதல் இதழில் 9.0 வாங்கியவை இரண்டே இரண்டு. அதற்கு மேல் எண் வாங்கியது எதுவும் இல்லை.

ஆக, படிக்க அச்சிட்ட புத்தகம் எந்த அளவுக்குப் படிக்கப்படாமல் இருந்ததோ அந்த அளவுக்கு அதற்குப் பணம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நல்ல மனசோடு பழைய காமிக்ஸைப் பழுதுபார்த்தவர்கள் உண்டு. கிழிசலை ஒட்டினார்கள், போன மூலையை வைத்துக் கட்டினார்கள், நிறம் ஏற்றினார்கள், கறையைக் கழுவினார்கள். அன்றைக்கு அது மதிப்பைக் கூட்டும் வேலை. சிஜிசி வந்ததும் பழுதுபார்த்த பிரதிக்கு ஊதா நிறச் சீட்டு, தொடாத பிரதிக்கு நீலச் சீட்டு. பார்க்க இரண்டும் ஒரே அழகாக இருந்தாலும் ஊதாச் சீட்டு விழுந்த பிரதியின் விலை படுத்துவிடும். காசு கொடுத்துப் பழுதுபார்த்தவர்கள், அதைச் செய்யாமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் கையைப் பிசைந்தார்கள்.

இந்த எண் கொஞ்சம் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. மின்னஸோட்டாவில் எல்போ லேக் என்று ஒரு சிற்றூர். அங்கே 10,100 டாலருக்கு ஒரு பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கினார் ஒருவர். சுவரை உடைத்தபோது குளிருக்காக உள்ளே அடைத்திருந்த பழைய தாள்களோடு ஆக்‌ஷன் முதல் இதழும் வந்து விழுந்தது. உறவினர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் பார்க்கப் பிடுங்க, இன்னொருவர் விடாமல் இழுக்க, பின்னட்டை கிழிந்தது. அந்த ஒரு கிழிசலில் தரம் 3.0இலிருந்து 1.5க்கு இறங்கியது. 75,000 டாலர் போயிற்று என்று விற்றுக்கொடுத்தவர்கள் கணக்குச் சொன்னார்கள். அப்படியும் 2013இல் அது 1,75,000 டாலருக்குப் போனது. வீட்டின் விலையைவிட வீட்டுச் சுவரில் அடைத்திருந்த காகிதத்தின் விலை பதினேழு மடங்கு. உலகத்திலேயே விலை கூடிய கிழிசல் அதுவாகத்தான் இருக்கும்.

நம் பிரதி 2011 ஏப்ரலில் அகப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வாடகைச் சேமிப்பு அறைகள் வரிசையாக உண்டு. வாடகை கட்டாமல் விட்டுப்போனவர்களின் அறையை உள்ளே இருப்பதோடு ஏலத்தில் விடுவார்கள். அப்படி ஒரு அறையின் சாமான்களை வாங்கிய ஒருவர் கையில் இது இருந்தது. அறையை வாங்கியவருக்கு வைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் முதலில் தோன்றியிருக்கும். விலை கேட்க எடுத்துப் போனதில் செய்தி காவல்துறைக்கும், மெட்ரோபொலிஸின் ஸ்டீஃபன் ஃபிஷ்லருக்கும் வந்துவிட்டது. கேஜுக்கு அதை விற்றவரே அவர். தன் கையால் கொடுத்த புத்தகத்தை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? அதன் ஒவ்வொரு சின்னக் குறையும் அவருக்கு அத்துப்படி. புத்தகம் கேஜிடம் திரும்பியது.

திருடு போகும்போது அதற்கு எண் இல்லை. திரும்பி வந்தபோது சந்தையில் எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை. பெட்டிக்குள் போய் 9.0 வாங்கிக்கொண்டு அதே வருஷம் நவம்பர் 30ஆம் தேதி ஃபிஷ்லரின் காமிக்கனெக்ட் ஏலத்தில் 21 லட்சத்து 61 ஆயிரம் டாலருக்கு விற்றது. 20 லட்சத்தைத் தாண்டிய முதல் காமிக்ஸ் அது. ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியதை கேஜ் தன்னிடமே வைத்திருந்தால், 2002இல் மற்றவற்றை விற்றபோது இதையும் விற்றிருக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? திருடன் அவருக்கு லாபம் சம்பாதித்துக் கொடுத்தான் என்று ஃபிஷ்லரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்னொரு 9.0 பிரதி 2014 ஆகஸ்டில் இபே வழியாக 32 லட்சம் டாலருக்கு மேல் போனது. மேற்கு வர்ஜீனியாவில் ஒருவர் கடையில் வாங்கி, தேவதாருப் பெட்டியில் பல பத்தாண்டு வைத்திருந்த புத்தகம். பக்கங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. விற்றவர் அதைத்தான் உரக்கச் சொல்லி விற்றார். காகிதமாக மட்டும் பார்த்தால் கேஜ் பிரதிக்கு அது இளைத்ததல்ல. ஆனால் 2026இல் ஒன்றரைக் கோடியைத் தொட்டது கேஜ் பிரதிதான்.

நிலம் வாங்கப் போகிறவர் மண்ணை மட்டும் பார்ப்பதில்லை, மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்பார். பழைய காமிக்ஸிலும் அப்படித்தான்: யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர் அறுபடாமல் இருந்தால் விலை கூடும். ஒரு வித்தியாசம் உண்டு. நிலத்தில் வில்லங்கம் என்றால் விலை விழும். இங்கே தீர்ந்துபோன வில்லங்கம் விலையை ஏற்றியிருக்கிறது. நடிகர் வீட்டுச் சுவர், விருந்து இரவு, காணாமல் போன பதினோரு வருஷம், சேமிப்பு அறை என்று சொல்லச் சொல்லக் கூடுகிறது. 1911இல் களவு போய்த் திரும்பிய பிறகே மோனா லிசாவை ஊர் உலகம் அறிந்தது என்று ஃபிஷ்லர் இதற்கு ஒப்புமை சொன்னார். விற்கிறவர் வாயால் வருகிற ஒப்புமை, கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் முழுப் பொய்யில்லை.

கழித்து எடுத்துக்கொள்ள வேறு காரணமும் உண்டு. ஏலத்தில் விலை எல்லோர் கண்முன் ஏறும். கடைசியாகக் கை தூக்கியவருக்கு முந்தையவர் எவ்வளவு வரை வந்தார் என்பது தெரியும். 2024 ஏப்ரலில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 8.5 தரமுள்ள ஆக்‌ஷன் முதல் இதழ் 60 லட்சம் டாலருக்குப் போனது அப்படித்தான். 2025 நவம்பரில் சூப்பர்மேன் முதல் இதழ் 91 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போனதும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் மூன்று சகோதரர்கள் காலமான தாயின் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள்களுக்குக் கீழே கண்டெடுத்த புத்தகம் அது. ஒன்றரைக் கோடியோ கதவு சாத்திய அறைக்குள் இருவர் ஒத்துக்கொண்ட தொகை. இரண்டாவது ஆள் எங்கே நின்றார் என்று வெளியில் இருக்கும் நமக்குத் தெரியாது. ஆனால் அடுத்த ஏலத்தில் ஒவ்வொருவர் மனதிலும் இந்தத் தொகைதான் ஓடும். விலைக் கையேட்டுக்கு இருந்த இடத்தில் இப்போது ‘சாதனை விலை’ உட்கார்ந்திருக்கிறது. மூன்று முறையும் இந்தப் பிரதியை விற்றுக்கொடுத்தது ஒரே வியாபாரியின் கை என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்குகிறவர்களும் மாறிவிட்டார்கள். சிறுவயதில் படித்ததை மீண்டும் கையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்ட தலைமுறைக்கு வயதாகிவிட்டது.  பங்கு, தங்கம், ஓவியம், அதோடு ஒரு காமிக்ஸ் என்று பணத்தைப் பிரித்துப் போடுகிறவர்கள் இன்று வருகிறார்கள். 2010 பிப்ரவரியில் 8.0 பிரதி ஒன்று முதன்முறையாகப் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. அடுத்த மாதமே, பழைய சினிமாப் பத்திரிகைக்குள் செருகிக் கிடந்து தப்பிய 8.5 பிரதி 15 லட்சத்துக்குப் போனது. அதே பிரதி 2021இல் 32 லட்சத்து 50 ஆயிரம். வட்டிக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் போதும், கார் பச்சையா சிவப்பா என்று தெரிய வேண்டியதில்லை.

சீகலும் ஷஸ்டரும் இதில் எதையும் காணவில்லை. உரிமைக்காக வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், அவர்கள் பெயரே கதையிலிருந்து எடுக்கப்பட்டது. 1975இல் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்ஸன் முதலிய ஓவியர்கள் ஊரறியக் குரல் கொடுத்த பிறகு ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், தலைப்பில் பெயரும் திரும்பக் கிடைத்தன. ஷஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் காலமானார்கள். கேஜ் பிரதி விற்ற சில மாதங்களில், 2012 ஏப்ரலில் அந்த 412 டாலர் காசோலையும் காமிக்கனெக்ட் ஏலத்துக்கு வந்து 1,60,000 டாலருக்குப் போனது. அதன் பின்புறம் அவர்கள் போட்ட கையெழுத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு வழி எப்போதோ திறந்துவிட்டது. 1974இல் டிசி நிறுவனமே முதல் இதழைப் பெரிய அளவில் அட்டை முதல் விளம்பரம்வரை அப்படியே மறுபதிப்பாக 1 டாலருக்கு வெளியிட்டது. மேலே தடித்த அட்டை ஒன்று. அதைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பதை அசல் என்று விற்கப் பார்த்த எத்தர்கள் இன்றுவரை உண்டு. அளவைப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும், அசலைவிட அது பெரியது. பதிப்புரிமைச் சட்டப்படி 2034 ஜனவரி 1ஆம் தேதி அமெரிக்காவில் அந்த இதழ் பொதுச் சொத்தாகும். அந்தப் பதின்மூன்று பக்கத்தை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், இலவசமாகக் கொடுக்கலாம், படமாக எடுக்கலாம். அதைக் கேட்டு எந்த வியாபாரியும் தன்னிடம் இருக்கும் பிரதியை அவசரமாக விற்கப் பார்ப்பதாகச் செய்தி இல்லை.